வாயோரம் கடைசியில் பிடிபட்டது

டச்சு ஓவியர் வெர்மீரின் ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ ஓவியத்துக்கு நான் வரையும் நகலில் வாய் அமைந்துவிட்டது! தலைப்பாகையும் முத்தும் இன்னும் அடிவண்ணத்தில்தான் நிற்கின்றன. ஆனாலும் அவள் என்னைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

முகபாவம் முழுக்கக் கண்ணில்தான் என்று சொல்வார்கள். மூல ஓவியம் இருக்கும் ஹேக் நகர மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகம் வெளியிட்டிருக்கும் பெரிய படத்தில் தாளை வைத்து மறைத்துப் பாருங்கள். கண்கள் மட்டும் தெரிந்தால் வெறும் கவனம். வாய் மட்டும் தெரிந்தால் ஏதோ சொல்ல வருகிறாள். இரண்டும் சேரும்போதுதான், யாரோ கூப்பிட்டுத் திரும்பியவள், பதில் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்குகிற பாவம் வருகிறது.

அந்தத் தயக்கம் வாயோரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மயிரிழை மேலே போனால் சிரிப்பு, கீழே போனால் கோபம். வெர்மீர் அங்கே கோடே போடவில்லை. உதட்டின் விளிம்பு தோலோடு கரைகிறது. மூக்குத் தண்டுக்கும் கன்னத்துக்கும் நடுவிலும் அப்படித்தான், கோடு கிடையாது. அதனால் உதட்டையும் பக்கத்துத் தோலையும் ஈரம் காயுமுன் ஒன்றாகவே வைத்தேன். உலர்ந்த மென்பிரஷால் எல்லையில் ஒரே ஒரு இழுப்பு. அப்புறம் கை வைக்கவே கூடாது.

1994-இல் படத்தைச் சீரமைத்தபோது வாயோரத்தில் சின்ன இளஞ்சிவப்பு ஒளிப்புள்ளி வெளிப்பட்டது. உதடு இப்போதுதான் திறந்தது என்று நம்ப வைப்பதே அந்தப் புள்ளி காட்டும் ஈரம்தான். ஆளிவிதை எண்ணெய் கூடினால் புள்ளி பரவிவிடும். எண்ணெயே சேர்க்காமல், கீழ்ப்பூச்சு லேசாக ஒட்டும் பதத்தில் வைத்தால் நிற்கிறது. இதற்காக இணையத்தில் வாங்கிய 00 எண் மெல்லிய பிரஷின் நுனி இரண்டாகப் பிளந்துகொண்டது, காசு தண்டம். இந்த வேலைக்குப் பிரஷைக் கடையில் நேரில் போய், நனைத்து நுனி பார்த்து வாங்குவதே நல்லது.

இது ‘ட்ரோனி’ வகை, அதாவது குறிப்பிட்ட ஒருவரின் உருவப்படம் அல்ல, ஒரு முகபாவத்துக்காகவே வரைந்தது. அதனால் அவள் சோகக் கதையைத் தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பாவம் வண்ணத்துக்குள்ளேயே இருக்கிறது.

அடுத்து நான் நகலெடுக்கப்போவது, இன்னொரு டச்சு ஓவியரான ரெம்பிராண்ட் தான் இறந்த வருடமான 1669-இல் தன்னையே வரைந்த படம்; அதுவும் அதே மவுரிட்ஸ்ஹவுஸில்தான் இருக்கிறது. தடித்த வண்ணத்தில் களைப்பு எப்படி வருகிறது என்று பார்க்க ஆசை. அதற்குள் இவளுடைய பின்னணியை முடிக்க வேண்டும். இன்று கறுப்பாகத் தெரிகிற அந்த இடத்தில் முதலில் பச்சைத் திரை இருந்ததாக 2018-இல் தொடங்கிய ஆய்வு காட்டியது. நான் பச்சையே பூசப்போகிறேன். பக்கத்தில் பச்சை வந்தால் கன்னத்தின் சிவப்பு இன்னும் எடுப்பாகும்.