மலை வீட்டு சோலாருக்குச் சமவெளிக் கணக்கு ஒத்துவராது

"ஊட்டியில் பாதி நாள் மூடுபனி, அங்கே எதுக்கு சோலார்?" என்று கேட்பவர்கள் பேனலையும் காயப்போட்ட மிளகாயையும் ஒன்றாக நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். சூடு அதற்கு ஆகாது. பேனலில் எழுதியிருக்கும் வாட், பேனல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். கோடையில் மேட்டுப்பாளையத்து மாடியில் பேனல் 65 டிகிரியைத் தொட்டால் 14 சதவீதம் அங்கேயே போச்சு. ஊட்டியில் தெளிந்த ஜனவரி மதியம் பேனல் 45 டிகிரி என்று வைத்தாலும் இழப்பு அதில் பாதிதான்.

இதே குளிர் இன்னொரு இடத்தில் கடிக்கும். சூடு குறையக் குறைய பேனலின் வோல்டேஜ் ஏறும். 540 வாட் பேனல் ஒன்று, லோடு இல்லாதபோது 25 டிகிரியில் 49.5 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, 12 பேனல் போட்டால் 594 வோல்ட். பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரின் எல்லை 600. காகிதத்தில் சரிதான். ஊட்டி பக்கத்துத் தலைகுந்தாவில் உறைபனி விழுந்த காலையில், 0 டிகிரியில், அது 630-ஐத் தாண்டும். இன்வெர்ட்டர் போய்விடும், வாரண்டியும் கிடைக்காது. 11 பேனலோடு நிறுத்துங்கள். கொட்டேஷனில் "குறைந்தபட்ச வெப்பநிலைக்கான வோல்டேஜ்" எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பணக் கணக்குக்கு வருவோம். மலையில் பில்லை ஏற்றுவது கீசர். 100 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 45-க்குக் கொண்டுபோக 3.5 யூனிட் ஆகும். தினமும் இப்படி என்றால் இரண்டு மாதத்தில் இதற்கு மட்டும் 200 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் குறைந்த விலைப் படியில் உள்ள யூனிட்டுக்கும் விலை கூடுகிறது. 3 கிலோவாட் சோலார் நல்ல வெயிலில் நாளுக்கு 12 யூனிட் வரை தரும். ஜூலை மூடுபனியில் 3, 4-க்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை. ஆனாலும் ஆண்டு முழுக்கப் பார்த்தால் 500-க்குக் கீழே நிற்க அது பெரிதும் உதவும். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம்.

கொடைக்கானலில் மதியத்துக்கு மேல் மூடுபனி ஏறிவிடுகிற இடமென்றால் பேனலைத் தென்கிழக்கு பார்த்து வையுங்கள், காலை வெயிலைப் பிடிக்கலாம். சாய்வு 10, 12 டிகிரி போதும்.

பெரிய சிக்கல் மரம். சில்வர் ஓக், தைலமரம் எல்லாம் வீட்டை ஒட்டியே நிற்கும். டிசம்பரில் காலை ஒன்பதேகாலுக்கு 10 மீட்டர் மரத்தின் நிழல் ஏறக்குறைய 15 மீட்டர் நீளும். ஒரு கிளை நிழல் பேனலின் மூன்றில் ஒரு பங்கை அணைத்துவிடும், ஏனென்றால் உள்ளே செல்கள் மூன்று கூட்டமாகத்தான் இணைக்கப்பட்டிருக்கின்றன. மரத்தை வெட்டலாமே என்றால், 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி வேண்டும். பேனலைத்தான் நகர்த்த வேண்டும்.

மழைக்காலத்தில் கம்பிமேல் மரம் விழுந்து கரண்ட் போனால் மின்வாரிய லைனோடு இணைந்த சாதாரண ஆன்-கிரிட் சோலாரும் சேர்ந்து நின்றுவிடும். லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக்கூடாது என்பதற்காக அப்படி. அந்த நாட்களிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியோடும் ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் தேவை. பேட்டரியை வீட்டுக்குள்ளே வையுங்கள். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெடும்.

தகரக் கூரையில் ஸ்க்ரூவை மேட்டில்தான் இறக்க வேண்டும், பள்ளத்தில் போட்டால் முதல் மழைக்கே ஒழுகும். ரப்பர் வாஷர் கட்டாயம். வயரைத் தொங்கவிடாதீர்கள், இரும்புக் குழாய்க்குள் விடுங்கள்: குரங்குக்கு அது ஊஞ்சல்.