ரெட்டேரிக்கரையை நடந்தே காட்டினோம்

பொங்கல் முடிந்த அடுத்த வாரம், புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, சென்னை ரெட்டேரிக்கரையில் வரப்போகிற பூங்கா சம்பந்தமாகக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று எங்கள் தெருமுனையில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நான் கல்யாணமாகி லட்சுமிபுரத்துக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் ஏரியைப் பற்றி எங்களிடம் யாராவது கேட்பது இதுதான் முதல் தடவை. கடையில் அவசரமாகத் தைத்துக் கொடுக்க வேண்டிய பிளவுஸ் இரண்டு இருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனேன்.

கூடத்தில் இருபது பேர் இருந்திருப்போம். பாதிக்கு மேல் ரிடையர் ஆன ஆண்கள். தினமும் காலையில் கரையில் பார்க்கிற முகங்களைத் தேடினேன், மூன்று பேர்தான் தென்பட்டார்கள். தெர்மாகோல் தெப்பத்தில் போய் வலை வீசுகிற அண்ணன்கள் அந்த நேரத்தில் மீன் விற்றுக்கொண்டிருப்பார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்கள் மூன்றாவது வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கரையைப் புழங்குகிற யாருமே வர முடியாத நேரம் அது. வேண்டுமென்று வைத்திருக்க மாட்டார்கள். யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சுவரில் பெரிய ஃப்ளெக்ஸில் வரைபடம் மாட்டியிருந்தது. நீலத்தில் தண்ணீர், பச்சையில் புல்வெளி, அதைச் சுற்றி நடைபாதை. படகுத்துறை, சாப்பாட்டுக் கடைகள், நீரூற்று, போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு இடம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. யாரோ வில்லிவாக்கம் ஏரியில் கண்ணாடித் தொங்கு பாலம் கட்டியிருக்கிறார்களே, இங்கேயும் வேண்டும் என்றார். இன்னொருவர் சேத்துப்பட்டு ஏரி மாதிரி படகு விட வேண்டும் என்றார். பேச்சு அப்படியே போய்க்கொண்டிருந்தது.

பக்கத்து வரிசையில் எங்கள் தெரு ஆயா ஒருவர் இருந்தார். எழுபத்தைந்து வயது இருக்கும். அவர் எழுந்து படத்துக்கு அருகில் போய் ரொம்ப நேரம் பார்த்தார். படத்தை விளக்க வந்திருந்த இளைஞரிடம், “தம்பி, இதுல மதகு எது?” என்று கேட்டார். அவர் காட்டினார். ஆயா மதகின் மேல் ஒரு விரலை வைத்துக்கொண்டு, மறு கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வந்து நடைபாதைக் கோட்டின் மேல் நிறுத்தினார். “இங்க கார்த்திகையில இடுப்பளவு தண்ணி நிக்கும். இதுலயா நடக்கச் சொல்ற?”

அந்தத் தம்பி சிரிக்கவில்லை, மழுப்பவும் இல்லை. பேனாவை எடுத்து அந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அளவெடுக்க அவர்கள் வந்தது மே மாதமாம். ஏரி வற்றிக் கிடக்கிற நாளில் தண்ணீரின் விளிம்பு எது என்று எப்படித் தெரியும்? கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய், “ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கரைக்கு வர முடியுமா? கரையைப் புழங்குறவங்க எல்லாரும் அப்போ அங்கதான் இருப்பாங்க” என்று கேட்டேன். வருகிறேன் என்றார். வந்தார்.

ஆயா சொன்னது சின்ன விஷயம் இல்லை. ரெட்டேரி என்று நாம் சுருக்கிக் கூப்பிடுவது இரட்டை ஏரியை. நடுவில் பெரிய சாலை போகிறது, இரண்டு பக்கமும் தண்ணீர். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூருக்கு வரும், கொரட்டூர் நிரம்பினால் நமக்கு வரும். இங்கிருந்து உபரிநீர் தணிகாசலம் நகர் கால்வாய் வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலில் சேரும். இது ஒரு சங்கிலி. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் எங்கள் தெருவில் தண்ணீர் ஏறியது. இரண்டாவது தடவை கடையில் மோட்டார் வைத்த மெஷினைத் தூக்கிக் கட்டிங் டேபிளின் மேல் வைத்துவிட்டு மாடியில் உட்கார்ந்திருந்தோம். அதே ஏரியில்தான் 2019 கோடையில், புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டபோது, நகரத்தின் குடிநீருக்குத் தண்ணீர் எடுத்தார்கள். வெள்ளத்துக்கும் இதே ஏரி, வறட்சிக்கும் இதே ஏரி. அதன் கொள்ளளவில் ஒரு அடிகூட நடைபாதைக்கும் கடைக்கும் போகக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமே இல்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தோம். முதல் வாரம் ஒன்பது பேர், மூன்றாவது வாரம் முப்பது பேருக்கு மேல். ஆயாவுக்கு முழங்கால் வலி, அவரை மதகுப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். நான் என் டேப்பையும் சுண்ணாம்புப் பொடி ஒரு பையையும் கொண்டுபோனேன். தண்ணீர் எதுவரை வரும் என்று அவரவர் சொன்ன இடத்தில் பொடியால் கோடு போட்டோம். மீன்காரர் அண்ணன் காட்டிய இடமும், எருமை மேய்க்கிற பெரியவர் காட்டிய இடமும், வேலிக்காத்தான் மரத்தின் அடியில் படிந்திருந்த சேற்றுக்கறையும் ஒன்றுக்கொன்று ஒரு முழத்துக்குள் இருந்தன. வரைபடத்துக் கோடு அங்கிருந்து ஏரிக்குள் பதினான்கு அடி தள்ளி இருந்தது. தம்பி அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

கூடத்தில் யாரும் பேசாததெல்லாம் கரையில் வெளியே வந்தது. பெண்களிடம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் முதலில் சொன்னது கழிப்பறை. சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டாக்டர் நடக்கச் சொன்னதால் நடக்கிறவர்கள். “அரை மணி நேரத்துக்கு மேல நடக்க முடியலக்கா, வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கு” என்றாள் ஒருத்தி. வரைபடத்தில் எட்டுக் கடைக்கு இடம் இருந்தது, கழிப்பறை ஒன்றே ஒன்று, அதுவும் வாகனம் நிறுத்துகிற மூலையில். அப்புறம், சாய்மானம் உள்ள பெஞ்ச். சிமென்ட் திண்ணையில் வயதானவர்களால் உட்காரவும் முடியாது, உட்கார்ந்தால் எழவும் முடியாது.

விளக்கு விஷயத்தில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. இருட்டினால் கரைப்பக்கம் போக பயமாக இருக்கிறது, ஆகவே பளிச்சென்று ஹைமாஸ்ட் விளக்கு வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். எனக்கும் அதே எண்ணம்தான். கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் கேமராவோடு தினமும் வருவான். அவன் மட்டும் மறுத்தான். என்னைத் தண்ணீர் ஓரமாகக் கூட்டிப்போய்க் காட்டினான். ஆகாயத்தாமரைக்கு நடுவே ஒரு நீலக்கோழி. கோழி அளவுதான், உடம்பெல்லாம் ஊதா கலந்த நீலம், நெற்றியில் சிவப்பு. நீளமான விரல்களால் ஒரு தண்டைப் பிடித்துக்கொண்டு, நாம் கரும்பு கடிப்பது போலக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. பின்னாலேயே கரிக்குருவி நிறத்தில் இரண்டு குஞ்சுகள். இருபத்தாறு வருடமாக அந்தப் பக்கம் போய் வருகிறேன், அதுவரை நின்று பார்த்ததில்லை. “ராத்திரி பூரா வெளிச்சம் இருந்தா இதுங்க எங்க தங்கும் ஆண்ட்டி?” என்றான்.

கடைசியில் எல்லாரும் ஒத்துக்கொண்டது இது. சாலையிலிருந்து கரைக்கு வருகிற வழியிலும், வாசலிலும், கழிப்பறைப் பக்கமும் நல்ல வெளிச்சம். நடைபாதையில் இடுப்பு உயரத்தில் தரையைப் பார்த்து எரிகிற விளக்கு. தண்ணீர்ப் பக்கம் எதுவும் கூடாது. ஆகாயத்தாமரையை எடுக்கும்போதும் மொத்தமாக வாரிவிடாமல் குஞ்சு பொரிக்கிற மூலையைக் கடைசியாக எடுக்க வேண்டும்.

மீன்காரர் அண்ணன் ஒரு வார்த்தையும் பேசாமல் வலையைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். முள்ளு முள்ளாக, கருப்பாக, கவசம் போட்ட மாதிரி ஒரு மீன். டேங்க் கிளீனர். “பத்து கிலோ வலையில வந்தா ஏழு கிலோ இதுதான். விக்கவும் முடியாது, வலையும் கிழியுது.” கொளத்தூர் அலங்கார மீன் வியாபாரத்துக்குப் பேர் போன ஊர், எல்லாருக்கும் தெரியும். வீட்டுத் தொட்டியில் வளர்த்து, பெரிதானதும் கொல்ல மனசு வராமல் ஏரியில் விடுகிறார்கள். நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்கிறார்கள். வேண்டாத மீனைத் திரும்ப வாங்கிக்கொள்ள கரை வாசலில் ஒரு தொட்டி வைக்கலாம் என்று அவர்தான் சொன்னார். எனக்கு இதைவிட நல்ல யோசனை அந்த மூன்று வாரத்தில் கிடைக்கவில்லை.

கழிவுநீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மழையே இல்லாத ஜனவரியில், மழைநீர் வடிகால் வாய் ஒன்றிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. சோப்பு நுரையோடு. மழை இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் வருகிறது என்றால் வீட்டு இணைப்பு எங்கேயோ அதில் விட்டிருக்கிறார்கள். அதில் எங்கள் தெரு வீடுகளும் இருக்கலாம், மறைக்க விரும்பவில்லை. அதை அடைக்காமல் நீரூற்று வைத்தால் நாற்றத்தைத்தான் மேலே தூக்கி அடிக்கும். முதல் ரூபாய் அங்கே செலவாகட்டும், பூச்செடி அப்புறம் நடலாம்.

இன்னொன்று, பூங்காவுக்குப் போவதற்கே வழி இல்லை. இருநூறு அடி சாலையைப் பிள்ளைகளோடு கடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். லாரி, கன்டெய்னர், மெட்ரோ வேலைக்கான தடுப்புகள். ஒரு பாட்டி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறு நிமிடம் நின்றதை நானே கடிகாரத்தில் பார்த்தேன். வரைபடம் ஏரியின் ஓரத்தோடு முடிந்துவிடுகிறது. சாலை அதில் இல்லவே இல்லை.

எல்லாவற்றையும் ஒரு சார்ட்டில் எழுதி, பொடிக்கோட்டின் படங்களையும் சேர்த்து, தம்பியிடம் ஒரு பிரதி, கவுன்சிலரிடம் ஒரு பிரதி கொடுத்தோம். 2022-ல் மாநகராட்சித் தேர்தல் நடந்த பிறகு வார்டு குழு, பகுதி சபை என்று விதிகள் வந்திருக்கின்றன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்கள் கூடிப் பேச வேண்டும். நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் எங்கள் பகுதியில் நடந்தபோது எனக்குத் தெரியவே தெரியாது. இனி நடக்கிற ஒவ்வொன்றுக்கும் போவேன். அங்கே பேசுவது எழுத்தில் பதிவாகும், அடுத்த கூட்டத்தில் “போன தடவை சொன்னோமே” என்று கேட்கலாம்.

போன வாரம் திருத்திய வரைபடம் வந்தது. இந்தத் தடவை சாயங்காலம் ஆறரை மணிக்குக் கூப்பிட்டார்கள். நாற்காலி போதாமல் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வாங்கிவந்தோம். நடைபாதை ஆயா சொன்ன இடத்துக்கு வெளியே நகர்ந்திருக்கிறது. கழிப்பறை மூன்றாகியிருக்கிறது. கடைகள் நான்காகக் குறைந்திருக்கின்றன. விளக்கு நாங்கள் கேட்டபடியே. நீரூற்று இன்னும் இருக்கிறது. சாலையைக் கடக்கிற வழி “வேறு துறை” என்றார்கள். மீன்பிடிக்கிறவர்கள் தெப்பம் கட்ட இடம் எங்கேயும் இல்லை, மீன்தொட்டியும் இல்லை. அண்ணன் கடைசி வரிசையில் நின்று படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு மதகுப் பக்கம் கூடுகிறோம். அண்ணன் தெப்பம் இறக்குகிற இடத்தை அளந்து, எத்தனை பேர், எத்தனை தெப்பம், எந்த நேரம் என்று எழுதிக் கொடுக்கப் போகிறோம். கொளத்தூர், விநாயகபுரம், புத்தகரம் பக்கத்துக்காரர்கள் வந்தால் நல்லது, உங்கள் பக்கத்துக் கரை எங்களுக்குத் தெரியாது. டேப் நான் கொண்டுவருகிறேன். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் நீங்கள் எடுத்து வாருங்கள், எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது.