கேபின் ஜன்னலில் தலையை நீட்டியபோது

போன சனிக்கிழமை ராத்திரி 'டிரெயில் வேலி' என்ற ரயில் ஓட்டும் கணினி கேமில் ஷண்டிங், அதாவது பெட்டிகளை நகர்த்திச் சேர்க்கும் வேலை, செய்துகொண்டிருந்தேன். என்ஜினுக்குப் பின்னால் 7 சரக்குப் பெட்டிகள். பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போய், தண்டவாளத்தில் நிற்கும் எட்டாவது பெட்டியை இடிக்காமல் மெல்லத் தொட வேண்டும். மானிட்டரில் இதை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். ஒரு பொத்தானைத் தட்டினால் கேமரா வெளியே போகும், இன்னொன்றைத் தட்டினால் உள்ளே வரும். இப்போது தலையில் வி.ஆர். ஹெட்செட், கண்ணை மூடி கேமின் உலகத்துக்குள்ளேயே இருப்பது போலக் காட்டும் கருவி. உடம்பைச் சாய்த்து, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, திரும்பிப் பார்த்தேன். கை மட்டும் உள்ளே பிரேக் பிடியிலேயே இருந்தது. இடைவெளி குறையக் குறையப் பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். தொட்டது. அந்த 'டங்' சத்தம் பெட்டி பெட்டியாகத் தாவி என்னிடம் வந்து சேர்ந்தது.

ஹெட்செட்டைக் கழற்றிய பிறகு கழுத்தின் ஒரு பக்கம் வலித்தது. அரை மணி நேரம் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினால் வலிக்கத்தானே செய்யும்! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

2001-இல் மைக்ரோசாஃப்ட் ட்ரெயின் சிமுலேட்டர் வந்த காலத்திலிருந்து இந்த வகை கேம்களை ஓட்டி வருகிறேன். அதில் கேபின் என்பது ஒரு படம். அந்தப் படத்தின் மேல் முள் நகரும், பிடி நகரும், அவ்வளவுதான். அப்போது அதுவே பெரிய விஷயம், மணிக்கணக்கில் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் வந்த கேம்களில் கேபின் முழு முப்பரிமாணமானது. ஆனாலும் என்ஜினை ஓட்டியது விசைப்பலகைதான். சமீபத்தில், மானிட்டர் கேம்கள் சிலவற்றை ஹெட்செட்டில் காட்டும் யு.இ.வி.ஆர். என்ற மென்பொருளைப் போட்டு 'ட்ரெயின் சிம் வேர்ல்ட்' என்ற ரயில் கேமை ஹெட்செட்டில் பார்த்தேன். கேபினுக்குள் உட்கார்ந்த நிமிடம் வாயடைத்துப் போனேன். கண்ணாடியின் கனம், மேசையின் ஆழம், எதிரே வரும் ரயிலின் உயரம் எல்லாம் தெரிகிறது. ஆனால் அது மானிட்டருக்காக எழுதப்பட்ட கேம். என் கையில் இருந்தது கேம்பேட்.

டிரெயில் வேலி அப்படியில்லை. பெல்கிரேடைச் சேர்ந்த ஆல்ட்ஃப்யூச்சர் குழு 2019 ஜனவரியில் முன்னோட்டப் பதிப்பை வெளியிட்டபோதே ஹெட்செட்டுக்கும் சேர்த்துத்தான் எழுதியிருந்தார்கள். வேலை விவரம் திரையின் மூலையில் மிதக்காது, கையில் பிடிக்கும் ஒரு சிறு புத்தகமாக வரும். பெட்டியை இணைக்க வேண்டுமென்றால் கீழே இறங்கி, சங்கிலியைக் கொக்கியில் மாட்டி, திருகி இறுக்கி, காற்றுக் குழாயைச் சேர்த்து, அதன் அடைப்பானைத் திறக்க வேண்டும். திறக்க மறந்துவிட்டுக் கிளம்பினால் அதற்குப் பின்னால் இருக்கும் பெட்டிகளில் பிரேக் பிடிக்காது. சரிவில் இறங்கும்போதுதான் அது தெரியவரும்.

ஹெட்செட் என்றதும் பலரும் தலைசுற்றலைச் சொல்லிப் பயப்படுகிறார்கள். ரயிலுக்கு அந்தப் பயம் அவ்வளவு தேவையில்லை என்பது என் அனுபவம். நம் உள்காது வேகத்தை உணர்வதில்லை, வேக மாற்றத்தைத்தான் உணர்கிறது. கண் 'ஓடுகிறோம்' என்று சொல்ல, காது 'சும்மா இருக்கிறோம்' என்று சொல்லும்போதுதான் குமட்டுகிறது. புறநகர் மின்சார ரயில்கூட ஒவ்வொரு நொடியும் தன் வேகத்தை நொடிக்குச் சுமார் 1 மீட்டர் அளவுதான் கூட்டும். சரக்கு ரயில் அதைவிட எவ்வளவோ மெதுவாகக் கூட்டும். அதற்குமேல் சீரான ஓட்டம்தான், காதும் கண்ணும் சண்டை போட அதிகம் இல்லை. போதாததற்குச் சுற்றிலும் அசையாத கேபின், கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு நிலையான இடம். கார் பந்தயத்தில் ஐந்து நிமிடம் தாங்காத என் தம்பி, சரக்கு ரயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மானிட்டர் கேம்களில் கேபின் ஆடுவதைக் காட்ட கேமராவையே ஆட்டுவார்கள். ஹெட்செட்டில் அதைச் செய்தால் ஆடுவது நம் தலை. தண்டவாளம் பிரியும் பாயிண்டுகளைத் தாண்டும் இடத்தில் நான் அதை ஒருமுறை அனுபவித்துவிட்டேன், அன்றைக்கு அதற்குமேல் ஓட்டவில்லை. ஆட்டம் முழுவதையும் சத்தத்திலும், தொங்கும் பொருள்களிலும், கைக்கருவியின் அதிர்விலும் கொடுத்துவிட வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு மாதமாக, நண்பர் ஒருவர் மானிட்டருக்காகச் செய்த டீசல் என்ஜின் கேபினை ஹெட்செட்டுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் எல்லாம் நன்றாக இருந்தது. என்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பிடிக்கு 8 நாட்ச், அதாவது 8 படிகள், ஒவ்வொரு நாட்சைத் தாண்டும்போதும் உள்ளங்கையில் ஒரு சிறு அதிர்வு. பிடிக்கு எடை கிடையாது என்பதால் அந்த அதிர்வு இல்லாவிட்டால் எந்த நாட்சில் இருக்கிறோம் என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

அப்புறம் ஒரு நாள் நீண்ட பாதையில் ஓட்டினேன். 40 கிலோமீட்டர் தூரம் தாண்டியதும் த்ராட்டில் பிடி லேசாக நடுங்குவது போலத் தெரிந்தது. கண் களைப்பு என்று நினைத்தேன். 70-ஐத் தாண்டியபோது பிடி, முள், ஜன்னல் விளிம்பு, என் விரல்கள் எல்லாமே நடுங்கின. காய்ச்சல் வந்தவன் கை போல. மானிட்டரில் அதே இடத்தில் அதே ஓட்டத்தைப் பார்த்தால் ஏதோ லேசாகத் துடிப்பது போலிருக்கும், யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

இரண்டு ராத்திரி தேடிய பிறகு காரணம் கிடைத்தது. கணினி ஒவ்வொரு பொருளின் இடத்தையும் 32 பிட் தசம எண்ணாக வைத்திருக்கிறது. தொடக்கப் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும்வரை அந்த எண் மிக நுட்பமானது. தள்ளிப் போகப் போக அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே இடைவெளி கூடும். 40 கிலோமீட்டரில் அது சுமார் 4 மில்லிமீட்டர், 70 கிலோமீட்டரில் சுமார் 8 மில்லிமீட்டர். அதாவது கேபினில் எந்தப் பொருளும் அந்த 8 மில்லிமீட்டருக்கு நடுவில் எங்கும் நிற்க முடியாது, இங்கே அல்லது அங்கே என்று குதித்துக்கொண்டே இருக்கும். ஒரு அறைக்குள் நடக்கும் கேமுக்கு இந்தத் தொல்லையே வராது. ரயில் போய்க்கொண்டே இருக்கும் பொருள், அதற்குக் கட்டாயம் வரும்.

தீர்வு எளிமையானது: ரயில் தொடக்கப் புள்ளியிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளிப் போனதும், ரயிலோடு சேர்த்து மொத்த உலகத்தையும் 1 கிலோமீட்டர் பின்னால் இழுத்துவிடுவது. ஓட்டுபவருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனால் எல்லாம் ஒரே ஃபிரேமில், அதாவது திரையில் வரும் ஒரே படத்தில், நகர வேண்டும். முதல் தடவை நான் புகையை மறந்துவிட்டேன். உலகம் நகர்ந்தது, புகை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. புகைபோக்கியிலிருந்து 1 கிலோமீட்டர் தள்ளி வானத்தில் ஒரு கரும் மேகம். அதையும் சேர்த்த பிறகு 120 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பிடியை உற்றுப் பார்த்தேன். அசையவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் தீராதது சிக்னல். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள சிக்னல் விளக்கு 500 மீட்டர் தொலைவில் நம் கண்ணுக்கு 0.023 டிகிரிதான். குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு டிகிரிக்குச் சுமார் 25 திரைப் புள்ளிகள் (பிக்சல்கள்). கணக்குப் போட்டால் அந்த விளக்கு ஒரு புள்ளியில் பாதிக்குக் கொஞ்சம் மேல். நல்ல பார்வையுள்ள கண் ஒரு டிகிரியில் 60 புள்ளிகள்வரை பிரித்தறியும், அதனால் நிஜ ஓட்டுநருக்குச் சிவப்பு எது பச்சை எது என்று தெரிகிறது. எனக்கு அது மினுக்கி மறைகிறது. சரக்கு ரயில் நிற்பதற்குத் தேவையான தூரத்தை நினைத்தால் 500 மீட்டரே குறைவு. தொலைவு கூடக் கூட விளக்கைச் சுற்றி ஒளிவட்டத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். ரொம்பப் பெரிதாக்கினால் பக்கத்துத் தடத்துச் சிக்னலோடு குழம்புகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கும், இன்னும் பிடிபடவில்லை.

இதற்கு நடுவே இன்னொரு வேலை. நண்பரின் கேபினில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எதுவுமே இல்லை. மானிட்டரில் யாரும் அங்கே திரும்பிப் பார்க்கப் போவதில்லை என்று அவர் விட்டுவிட்டார், அது சரியான முடிவுதான். ஹெட்செட்டில் முதல் நாள் திரும்பினேன், சுவர் இருக்க வேண்டிய இடத்தில் வெட்டவெளி. இப்போது அங்கே சுவர் வந்துவிட்டது, தீயணைப்பான் வந்துவிட்டது, கோட்டு மாட்ட ஒரு கொக்கி வைத்திருக்கிறேன். பின்கதவும் நேற்று ராத்திரி முதல்முறையாகத் திறந்தது. வெளியே படிக்கட்டில் நின்று, என்ஜின் நிற்காமல் உறுமுவதைக் கேட்டுக்கொண்டு, தண்டவாளம் பின்னால் நீண்டு போவதைப் பார்த்தேன். கைப்பிடிக் கம்பி இன்னும் செய்யவில்லை. அடுத்த வாரம் அதுதான்.