தென்னைக்கும் கோகோவுக்கும் நடுவே போகும் டிராக்டர்

ஆனைமலைக்குப் பக்கத்தில் எங்களுக்கு இருக்கும் நான்கு ஏக்கர் தென்னந்தோப்புக்குச் சொந்தமாக ஒரு டிராக்டர் வேண்டும் என்று முடிவெடுக்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. எந்த டிராக்டர் என்று முடிவெடுக்க மேலும் எட்டு மாதங்கள் பிடித்தன. முதல் முடிவு கணக்குப்படி தவறானது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் இரண்டாவதைப் பற்றி எழுத முடியும்.

எங்கள் பக்கத்தில் வாடகை டிராக்டருக்கு மணிக்கு 1,200 ரூபாய் வாங்குகிறார்கள். 45 குதிரைத்திறன் வண்டி ஐந்தடி ரோட்டவேட்டரோடு (சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் கருவி) வந்தால் ஒரு ஏக்கரை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும். முழுத் தோப்பையும் ஆண்டுக்கு நான்கு முறை ஓட்டுவதாக வைத்துக்கொண்டாலும் செலவு இருபதாயிரத்தைத் தாண்டாது. ஐந்தரை லட்சம் போட்டு வண்டி வாங்கினால் அதன் வட்டியே அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். ஆகவே, செலவு மிச்சமாகும் என்று யாராவது நான்கு ஏக்கர்காரரிடம் சொன்னால் நம்ப வேண்டாம். நான் வாங்கியதற்குக் காரணம் மண்ணின் பதம். ஜூன் மழையோ ஐப்பசி மழையோ பெய்து ஓய்ந்த பிறகு எங்கள் செம்மண் நான்கைந்து நாள்தான் உழவுக்கு இசைந்து கொடுக்கும். வாடகை வண்டிக்காரர் எல்லாருடைய காட்டையும் முடித்துவிட்டு எங்களிடம் வருவதற்குள் பத்து நாள் ஆகிவிடும், அதற்குள் மண் இறுகிக் கட்டியாகிவிடும். அதோடு, தோப்பில் பாதிக்கு ஊடுபயிராகக் கோகோ இருக்கிறது. அந்தப் பாதிக்குள் பெரிய வண்டி நுழையவே முடியாது.

வாங்குவது என்றானதும் எல்லாரையும் போல நானும் குதிரைத்திறனிலிருந்துதான் தொடங்கினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர், "வாங்கறதுதான் வாங்கறீங்க, பெருசா வாங்கிப்போடுங்க, நாளைக்கு வாடகைக்காச்சும் ஓட்டலாமுங்க" என்றார். அவர் தோட்டத்தில் ஊடுபயிர் கிடையாது. நான் ஒரு நாள் காலை அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தோப்புக்குள் போன பிறகுதான் தேர்வு உருப்படியான வழிக்கு வந்தது. தென்னைகள் 25 அடிக்கு ஒன்றாக நிற்கின்றன. இரு வரிசைகளுக்கு நடுவே ஒரு வரிசை கோகோ. கோகோவின் கிளை விரிப்பைக் கழித்து, தென்னையின் தூரிலிருந்து வேர் கெடாத அளவுக்கு விலகி நின்றால், மிகக் குறுகிய இடத்தில் எனக்குக் கிடைத்தது நாலே முக்கால் அடி. கிளைகளைக் கவாத்து செய்த பிறகும் உயரம் ஐந்தரை அடிக்கு மேல் இல்லை. முழு அளவு டிராக்டர் ஐந்தரை அடியிலிருந்து ஆறடி வரை அகலம். மினி டிராக்டர்களில் பல மூன்றரை அடிக்குச் சற்று முன்பின் இருக்கின்றன. இந்த ஓர் அளவே என் பட்டியலில் முக்கால்வாசியை அடித்துவிட்டது.

அகலம் என்றால் வண்டியின் அகலம் மட்டும் அன்று, பின்னால் மாட்டும் கருவியின் அகலமும் சேர்ந்ததுதான். ரோட்டவேட்டர் பின்சக்கரங்களின் வெளி விளிம்பையாவது மூட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் அழுத்திய தடம் உழாமலேயே கிடக்கும். அதே நேரம் நாலே முக்கால் அடிச் சந்துக்குள் நாலடிக்கு மேல் கருவி போனால் இரு பக்கமும் உரசும். ஆகவே மூன்றரை அடி ரோட்டவேட்டர் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதைச் சுழற்றவும் தூக்கவும் எந்த வண்டியால் முடியும் என்று பின்னோக்கித் தேடினேன். உயரத்துக்கு இன்னொரு நிபந்தனை சேர்ந்தது: புகைக்குழாய் பானட்டுக்கு மேல் நிமிர்ந்து நிற்கக் கூடாது. தோப்புக்கென்று வரும் சில மாடல்களில் அதைக் கீழே திருப்பிவிட்டிருக்கிறார்கள். கோகோக் கிளைக்கு அடியில் ஓட்டுகிறவருக்கு அந்தச் சிறு மாற்றம் பெரிய உதவி.

இதற்குப் பிறகுதான் குதிரைத்திறன். விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருப்பது எஞ்சினின் திறன். ரோட்டவேட்டரைச் சுழற்றுவதோ, எஞ்சினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேரும் திறன், அது பெரும்பாலும் ஆறில் ஒரு பங்கு குறைந்தே இருக்கும். தூக்கும் திறனும் அப்படியே. 750 கிலோ என்று எழுதியிருந்தால் அது இணைப்புக் கைகளின் நுனியில் அளந்தது; கருவியின் எடை மையம் அதற்கும் பின்னால் தள்ளி இருப்பதால் உண்மையில் தூக்குவது குறைவு. தாளை நம்பாமல் சரிபார்க்க ஒரு வழி உண்டு. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் இருக்கிறது. அங்கே சோதித்த வண்டிகளின் பி.டி.ஓ. திறன், இழுவை, டீசல் செலவு, தூக்கும் அளவு எல்லாம் அறிக்கையாக வருகின்றன. நான் பார்த்த விற்பனையாளர்களில் ஒருவர் மட்டுமே அந்த அறிக்கையைக் கேட்டதும் எடுத்துக் காட்டினார். இன்னொருவர், தோப்பில் ஓட்டிக் காட்டச் சொன்னபோது, கடையின் சிமெண்ட் தரையில் வட்டமடித்துக் காட்டி "எப்படித் திரும்புது பாருங்க" என்றார். சிமெண்டில் எதுவும் திரும்பும்.

ஓட்டிப் பார்த்தவற்றில் மூன்று வகை இருந்தன. 15 குதிரைத்திறனில் ஒற்றை சிலிண்டர் எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட ஸ்வராஜ் 717, மகிந்திரா யுவராஜ் போன்றவை ஒரு வகை. விலை குறைவு, பழுது பார்ப்பது எளிது, தட்டையான நிலத்தில் களை ஓட்டுவதற்குத் தாராளமாகப் போதும். அதிர்வு மட்டும் இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு இடுப்பில் தெரிகிறது. 28 குதிரைத்திறன் ஜான் டீர் 3028 இ.என். மறு கோடி, இழுப்பு அருமை, ஆனால் என் நிலத்துக்கு அது வேண்டியதற்கு மேல், விலையும் அப்படியே. நடுவில் 21 முதல் 24 குதிரைத்திறன் வரை நான்கு சக்கர இயக்கத்தோடு வரும் குபோட்டா நியோஸ்டார், மகிந்திரா ஜிவோ வகையறா.

நான்கு சக்கர இயக்கம் தேவையா என்பதில் நான் வெகுநாள் குழம்பினேன். ரோட்டவேட்டர் ஓட்டுவதற்கு மட்டும் என்றால் அதற்கு அவ்வளவு அவசியமில்லை, ஏனென்றால் சுழலும் கத்திகள் மண்ணைப் பின்னுக்கு வாரி வண்டியை முன்னே தள்ளத்தான் செய்கின்றன. கொத்துக் கலப்பையை இழுக்கும்போதும், ஈரத்தில் டிரெய்லரோடு மேட்டில் ஏறும்போதும் கதை வேறு. முழு அளவு வண்டி இரண்டு டன் எடையால் நிலத்தைப் பற்றிக்கொள்கிறது. முக்கால் டன் மினி டிராக்டருக்கு அந்த எடை இல்லை, முன்சக்கரமும் இழுத்தால்தான் பிடிப்பு. பின் டயரில் தண்ணீர் நிரப்பி எடை கூட்டலாம் என்பார்கள், கூட்டலாம்தான். ஆனால் எடை குறைவாக இருந்து தென்னை வேருக்கு மேல் மண் இறுகாமல் இருப்பதற்காகத்தானே சிறிய வண்டியையே தேடினேன்? எங்கள் தோப்பு வாய்க்கால் பக்கம் சரிவாக இருப்பதால் நான்கு சக்கரத்தையே எடுத்தேன்.

கடைசியில் 24 குதிரைத்திறனில் நின்றேன். எந்த நிறுவனம் என்று எழுதுவதில் பயனில்லை, ஏனென்றால் இந்த வகையில் இரண்டு மூன்று வண்டிகள் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. பொள்ளாச்சியில் எதற்கு மெக்கானிக்கும் உதிரிப் பாகமும் அன்றைக்கே கிடைக்கும் என்று பழைய வாடிக்கையாளர்கள் நான்கு பேரிடம் கேட்டு அதை வாங்கினேன். உங்கள் ஊரில் விடை வேறாக இருக்கலாம்.

பணத்தைப் பற்றி இரண்டு செய்திகள். டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஐந்து லட்சம் அடிப்படை விலைக்கு 35,000 ரூபாய் வித்தியாசம். மானியம் வேண்டுமென்றால் வண்டியை எடுப்பதற்கு முன்பே சிறு, குறு விவசாயி சான்றிதழோடு வேளாண்மைப் பொறியியல் துறையில் விண்ணப்பித்துவிட வேண்டும். சிறு, குறு விவசாயிகளுக்கு 50 விழுக்காடு என்று காதில் விழுவது உண்மைதான், ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. பாதி விலையில் வண்டி வந்துவிடும் என்று கணக்குப் போட்டுவிடக் கூடாது.

இந்த வண்டியால் முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மீட்டர் அகலமுள்ள கருவியோடு மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தில், திரும்பும் நேரமும் சேர்த்தால், ஏக்கருக்கு இரண்டேகால் மணி நேரம் ஆகிறது. பெரிய வண்டிக்குப் பழகியவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும். எங்களிடம் 280 மரம். மரத்துக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு ஓலை மட்டை என்றாலே மூவாயிரத்துக்கு மேல் விழுகிறது. அவற்றைத் தூளாக்க நான் பார்த்த இயந்திரத்துக்கு 35 குதிரைத்திறனுக்கு மேல் கேட்டார்கள். அந்த ஒரு வேலைக்காகப் பெரிய வண்டி வாங்குவது முட்டாள்தனம் என்று எனக்குத் தோன்றியதால், அதை ஆண்டுக்கு ஒரு முறை வாடகை வண்டியிலேயே முடித்துக்கொள்கிறேன்.

டிரெய்லரை இன்னும் வாங்கவில்லை. ஒன்றரை டன் தேங்காயை ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்கும்போது முக்கால் டன் வண்டியைப் பின்னாலிருந்து சுமை தள்ளும் என்பதால், பிரேக் உள்ள சிறிய டிரெய்லர் கிடைக்கும்வரை காத்திருக்கிறேன். பி.டி.ஓ. தண்டின் பிளாஸ்டிக் உறையை முதல் வாரமே யாரோ கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள், மாட்டுவதற்கு இடைஞ்சலாம். நிமிடத்துக்கு 540 முறை சுழலும் தண்டு, வேட்டியின் நுனி பட்டால் ஆளையே இழுத்துவிடும். உறையைத் திரும்ப மாட்டியதோடு, வண்டிக்குப் பக்கத்தில் வேட்டியும் துண்டும் கூடாது என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.