பிராசசர் மாற்றிய பின் திரை கறுப்பாகவே இருந்தால்

ஏஎம்4 சாக்கெட் (ஏஎம்டி பிராசசரைப் பொருத்தும் இடம்) உள்ள பி450 மதர்போர்டில் ரைசன் 3 2200ஜி-யைக் கழற்றிவிட்டு ரைசன் 5 5600 பொருத்தியபோது சரிபார்த்த வரிசை இது. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் எல்லாரும் புது பிராசசரைத்தான் சந்தேகிப்பார்கள். அது பழுதாக வருவது அபூர்வம். கோளாறு அநேகமாக அதைச் சுற்றித்தான் இருக்கும்.

முதல் சந்தேகம் பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கி வைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள். பி450 போர்டுகள் 2018-இல் வந்தவை. ரைசன் 5000 வரிசை 2020 நவம்பரில்தான் வந்தது. பழைய பயாஸுக்குப் புது ஆளை அடையாளம் தெரியாது. எனவே பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே, ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்த பென் டிரைவ் வழியாக அப்டேட் செய்துவிட வேண்டும். போர்டின் மாடல் பெயரோடு அதில் அச்சிட்டிருக்கும் ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். சில புதிய பயாஸ்கள் மிகப் பழைய பிராசசர்களுக்கான ஆதரவை நீக்கிவிடுகின்றன. குறிப்பைப் படிக்காமல் ஏற்றினால் திரும்பிப் போக வழியில்லாமல் போகலாம். பழைய பிராசசரைக் கழற்றிய பிறகுதான் இது நினைவுக்கு வந்ததென்றால், போர்டில் ஃபிளாஷ்பேக் பட்டன் (பிராசசர் இல்லாமலே பயாஸை ஏற்ற உதவுவது) இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது பலர் கவனிக்காமல் விடுவது. 2200ஜி-க்குள் கிராஃபிக்ஸ் உண்டு, 5600-க்குள் கிடையாது. மானிட்டர் கேபிள் இன்னும் போர்டின் எச்டிஎம்ஐ-யிலேயே இருந்தால் எத்தனை பயாஸ் ஏற்றினாலும் படம் வராது. தனி கிராஃபிக்ஸ் கார்டு கட்டாயம், கேபிளும் அதில்தான் இருக்க வேண்டும்.

இரண்டும் சரியென்றால் எந்தப் பாகத்தில் கோளாறு என்று காட்டும், போர்டில் உள்ள டீபக் விளக்குகளைப் பாருங்கள். சிபியு விளக்கு நின்று எரிந்தால் பயாஸ், அல்லது சாக்கெட்டுக்குப் பக்கத்தில் செருகும் 8 பின் பவர் கேபிள். டிராம் (ரேம்) விளக்கு எரிந்தால் மின் இணைப்பைத் துண்டித்து, சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து, ஒரே ஒரு ரேமை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் போட்டு இயக்குங்கள். நான்கு ஸ்லாட் போர்டில் அது பெரும்பாலும் சிபியு பக்கமிருந்து இரண்டாவது. இதே ரேம் ஏ2-வில் வேலை செய்து, இன்னொரு மெமரி சேனலைச் சேர்ந்த பி2-வில் மட்டும் முரண்டுபிடித்தால் ரேமைக் குறைசொல்லாதீர்கள். ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் ஒரு மெமரி சேனலே காணாமல் போகலாம். கூலர் திருகுகளை ஒரே பக்கம் இறுக்கினாலும் இதே அறிகுறி வரும். குறுக்குக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும்.

பின் வளைவது பெரும்பாலும் பழையதைக் கழற்றும்போதுதான். காய்ந்த தெர்மல் பேஸ்ட் பசைபோல் பிடித்துக்கொள்ள, கூலரை நேராகத் தூக்கினால் சாக்கெட்டின் லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசரும் சேர்ந்து வந்துவிடும். கணினியைச் சிறிது நேரம் லோடில் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, கூலரை இடவலமாகத் திருகித் தளர்த்திய பிறகே எடுக்கவும்.

படம் வந்ததும் எஃப்டிபிஎம்-ஐ (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) ரீசெட் செய்யலாமா என்று திரையில் ஒரு கேள்வி வரும். அவசரப்பட்டு 'ஒய்' (Y) அழுத்தாதீர்கள். பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) இயக்கத்தில் இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கையில் இல்லாமல் டிரைவ் திறக்காது. 'என்' (N) அழுத்தினால் பழைய பதிவு அப்படியே இருக்கும். பழைய பிராசசரைத் திரும்பப் போட்டுக் கீயை எடுத்துக்கொள்ளலாம். பிட்லாக்கரை முன்பே சஸ்பெண்ட் செய்திருந்தால் இந்தத் தலைவலியே இல்லை.

பயாஸ் அப்டேட் பழைய அமைப்புகளை அழித்துவிடும். எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைந்து, 3200 ரேம் 2133-லோ 2400-லோ ஓடும். பழைய முறையில் பூட் ஆக உதவும் சிஎஸ்எம் அமைப்பு மாறியிருந்தால், எம்பிஆர் என்ற பழைய பார்டிஷன் முறையில் விண்டோஸ் போட்ட டிரைவ் பூட் பட்டியலிலேயே தெரியாது. டிரைவ் செத்துவிட்டதென்று ஃபார்மேட் செய்யப் போகாதீர்கள். சிஎஸ்எம்-ஐ இயக்கினால் திரும்ப வந்துவிடும்.

விண்டோஸ் வந்த பிறகும் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகிறதா? விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் வியா-லாகர் (WHEA-Logger) என்ற ஹார்டுவேர் பிழைப் பதிவு, எண் 18 இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் எக்ஸ்எம்பி-யை அணைத்து ஓட்டிப் பார்க்கவும். சும்மா இருக்கும்போது மட்டும் நடந்தால், பயாஸில் பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோலை டிப்பிக்கல் கரன்ட் ஐடில் என்று மாற்றிப் பார்க்கலாம். வெப்பம் ஐடிலில் 40-க்கும் 60-க்கும் இடையே துள்ளினால் பயமில்லை. லோடு கொடுத்த சில நொடிகளிலேயே 90 டிகிரியைத் தொட்டால் கூலரைக் கழற்றி, அடியில் உள்ள பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள்.