வற்றுப்பெருக்கும் வாளித் தண்ணீரும்: பெர்மண்ட்சி, 1849

யாழ்ப்பாணத்தில் ஆறில்லை. மாரியில் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழும் வழுக்கையாற்றைத்தான் ஆறு என்று சொல்லிக்கொள்கிறோம். ஆற்றங்கரைச் சேரி என்றால் குடிசையும் பக்கத்தில் ஓடுகிற நீரும்தான் எங்கட கண்ணில் வரும். லண்டன் பெர்மண்ட்சியில் இருந்த ஜேக்கப் தீவில் நீர் ஓடவில்லை. வில்லங்கமே அதுதான்.

தேம்ஸின் தென்கரையில், ஆற்றிலிருந்து வெட்டிய வாய்க்கால்கள் சுற்றிவரக் கிடந்ததால் அதைத் தீவு என்றார்கள். எங்கட கடலில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு மீற்றரும் வித்தியாசம் வராது. லண்டன் பாலத்தடியில் அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கில் அது ஆறு மீற்றர் அளவுக்கு வரும். பெருக்கு நேரம் மதகைத் திறந்தால் வாய்க்காலுக்குள் ஆற்றுநீர் ஏறும். மற்ற நேரம் உள்ளதெல்லாம் தேங்கி நாறும். வற்று இழுத்துப்போன கழிவையும் அடுத்த பெருக்கு திரும்பக் கொண்டுவந்துவிடும்.

வீடுகளின் பின்பக்கத்தில் மரத் தாழ்வாரங்கள் வாய்க்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றன. கதவில்லாத கக்கூசுகளும் நீருக்கு மேலேதான் தொங்கின. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் அந்தத் தாழ்வாரத்தில் நின்று வாளியைக் கயிற்றில் இறக்க வேண்டும். 1849 செப்டெம்பரில், கொலரா உச்சத்தில் இருந்தபோது, ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர் இதை நேரில் பார்த்து எழுதினார். அள்ளிய நீரை ஒன்றிரண்டு நாள் அசையாமல் வைப்பார்கள். மண்டி அடியில் இறங்கியதும் மேல்நீரை மெதுவாக மொண்டெடுப்பார்கள். இதை அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். கண்ணுக்குத் தெரிந்த அழுக்கை அகற்ற அவர்களுக்கு இருந்த வழி அது. கொலராக் கிருமி மண்டியோடு அடியில் இறங்கிவிடாது, தெளிந்த மேல்நீரிலும் நிற்கும். தேநீருக்குக் கொதித்த நீர் தப்பும். தாகத்துக்குக் குடித்த நீர் தப்பாது.

எல்லாவற்றையும் கொதிக்க வைக்கலாமே என்றால் நிலக்கரிக்குக் காசு வேண்டும். ஏழைகளுக்கு மலிவாக நிலக்கரி விற்றவர்கள், ஆறு வற்றும்போது சேற்றில் இறங்கிப் பொறுக்கிய சிறுவர்களும் கிழவிகளும். படகிலிருந்து சிந்திய கரி ஒரு பானை, ஏறக்குறைய 14 இறாத்தல், 1 பென்னி. பழைய இரும்பு 5 இறாத்தலுக்கு 1 பென்னி, எலும்பு 3 இறாத்தலுக்கு 1 பென்னி. கயிறு ஈரமாக இருந்தால் இறாத்தல் அரைப் பென்னி, காய்ந்திருந்தால் முக்கால். செப்பு ஆணிக்குத்தான் விலை, இறாத்தல் 4 பென்னி. ஆனால் செப்புத் தகடு அடிக்கிற கப்பலுக்குக் கிட்ட அவர்களை விடமாட்டார்கள். வற்று நாளுக்கு நாள் முக்கால் மணித்தியாலத்துக்கும் மேல் பிந்திப் பிந்தி வரும், அதனால் வேலை நேரம் கடிகாரத்தில் நிற்காது. சேற்றுக்குள் கிடக்கும் கண்ணாடி ஓடும் ஆணியும் வெறுங்காலைக் கிழிக்கும்.

இன்னொரு பிழைப்பு நாய்ப்பீ பொறுக்குவது. சிரிக்க வேண்டாம், பெர்மண்ட்சியின் தோல் தொழிற்சாலைகளில் அதற்கு நல்ல கிராக்கி. சுண்ணாம்பில் ஊறி மயிர் நீங்கிய தோலை அது மென்மையாக்கும். கையுறைத் தோலுக்கும் புத்தக அட்டைத் தோலுக்கும் இந்தப் படி தவறக்கூடாது. வாளி 8 பென்னியிலிருந்து 1 சிலிங் 2 பென்னி (14 பென்னி) வரை போனது. காய்ந்து சுண்ணாம்பு போல வெளுத்ததற்கே கூடிய விலை. அதற்காகப் பழஞ்சுவர்ச் சாந்தைக் கலந்து விற்றவர்களும் இருந்தார்கள்.

மேஹ்யூ இன்னொன்றையும் கவனித்தார். கதவு நிலைகளில் பூசிய வெள்ளை ஈயப் பூச்சு கறுத்திருந்தது. வாய்க்காலிலிருந்து எழும் ஐதரசன் சல்பைட்டு ஈயத்தோடு சேர்ந்தால் கறுப்பாகும். நாற்றமே நோய் என்று அதிகாரிகள் அன்று நம்பினார்கள். ஆகவே வீட்டு மலக்குழிகளை ஒழித்து எல்லாவற்றையும் ஆற்றுக்குள் கழுவிவிட்டார்கள். வீட்டு நாற்றம் குறைந்தது, குடிநீர் இன்னும் கெட்டது.

குழாய் வந்தாலும் தப்பவில்லை. சதர்க் அண்ட் வொக்ஸ்ஹோல் என்ற குடிநீர்க் கம்பனி பற்றர்சியில் அதே அழுக்கு ஆற்றிலிருந்து நீர் எடுத்தது. லம்பெத் கம்பனி 1852இல் வற்றுப்பெருக்கு எட்டாத தேம்ஸ் டிட்டனுக்கு மாறிவிட்டது. ஒரே தெருவில் இரண்டு கம்பனியின் குழாய்களும் ஓடின. 1854 கொலராவின் முதல் 7 வாரத்தில் 10,000 வீட்டுக்கு எத்தனை சாவு என்று ஜோன் சினோ என்ற வைத்தியர் கணக்கெடுத்தார்: முதல் கம்பனியில் 315, லம்பெத்தில் 37.

யாழ்ப்பாணத்தில் எங்கட சுண்ணக்கல் நிலத்திலும் இதே கதைதான், நிலத்துக்கடியில் நடப்பதால் தெரிவதில்லை. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையில் 15 மீற்றர் என்பார்கள். ஒரு பரப்புக் காணி 253 சதுர மீற்றர், சதுரமாக எடுத்தால் பக்கம் 16 மீற்றருக்குள். அதற்குள் வீடு, கிணறு, குழி, வேலிக்கு அப்பால் அயலவரின் குழி. பாறை வெடிப்பால் வரும் நீர் மணலில் வடிகட்டுப்படுவதுபோல வடிகட்டுப்பட்டு வராது. பளிங்குபோலத் தெளிந்த நீரிலும் கிருமி இருக்கலாம், கொதிக்க வைத்தே குடியுங்கோ.

1858இல் ஆற்று நாற்றம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகுதான் பொறியியலாளர் பசல்ஜெற்றின் பெருஞ்சாக்கடைகளுக்குப் பணம் கிடைத்தது. 1866இல் கொலரா திரும்பி வந்தபோது அந்த வேலை கிழக்கு லண்டனில் முடிந்திருக்கவில்லை. அந்த ஆண்டுச் சாவுகளில் பெரும்பாலானவை கிழக்கில்தான் விழுந்தன.