கொச்சிக்கடைக்குப் போய்த் திரும்பும் வழி

செவ்வாய்க்கிழமைகளில் கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்கு வேலை கேட்டு வருபவர்கள் உண்டு, பிள்ளை வரம் கேட்டு வருபவர்கள் உண்டு, தொலைத்ததைத் தேடி வருபவர்களும் உண்டு. இன்னும் சிலர் வெளியே சொல்ல முடியாத ஒன்றைச் சுமந்து வருகிறார்கள். விடமுடியாத குடி, நள்ளிரவில் போனில் பார்க்கக்கூடாததைப் பார்க்கும் பழக்கம், முதலாளியின் கல்லாப்பெட்டியில் கைவைக்கும் ஆசை, ஒருவர் மேல் ஆறாத வன்மம். அந்தோனியாரின் முகத்தைப் பார்த்து அழுதுவிட்டுப் போய், அன்றிரவே அதே குழியில் விழுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கினால் ஓட்டோ பிடிக்க வேண்டாம். புறக்கோட்டைக்குள் புகுந்து, செட்டியார் தெரு நகைக்கடைகளைத் தாண்டி நடந்தே போகலாம். அந்த நடையை ஆன்ம சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 'என்ன பாவம் செய்தேன்' என்பதோடு நிறுத்தினால் போதாது. எந்த நாளில், எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது என்று பாருங்கள். முக்கியமாக, விழுவதற்கு முந்திய அரைமணி நேரத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். குடிக்கிறவருக்கு அது சம்பள நாளில் ஒரு நண்பரின் அழைப்பாக இருக்கும். போனில் சிக்கியவருக்குத் தூக்கம் வராமல் தனியே கிடந்த நேரமாக இருக்கும். யாக்கோபு திருமுகம் முதல் அதிகாரத்தில் இந்த வரிசை இருக்கிறது: ஆசை கருக்கொண்டு பாவத்தைப் பெறுகிறது, பாவம் முற்றிச் சாவைப் பெறுகிறது. பிறந்த பிறகு போராடுவது கடினம். கருவிலேயே அடையாளம் காண வேண்டும்.

இந்த இடத்தின் தொடக்கத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் கத்தோலிக்கக் குருக்களுக்கு இங்கே தடை. அவர்களுடைய சபையில் சேர்ந்தவர்களுக்கே அரச பதவி. அந்தக் காலத்தில் கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு வியாபாரியாக வேடமிட்டு மறைவில் பூசை வைத்தார் என்றும், கடல் அரித்துக்கொண்டு வந்தபோது மீனவர்கள் கேட்க அவர் சிலுவை நட்டுச் செபித்ததும் கடல் பின்வாங்கியது என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். ஒல்லாந்தர் காலச் சோதனை பயமுறுத்தி மட்டும் வரவில்லை. நல்ல உத்தியோகமாக, பிள்ளைகளின் எதிர்காலமாகவும் வந்தது. இன்றும் அப்படித்தான் வருகிறது.

கோவிலுக்குள் மெழுகுதிரி ஏற்றிச் சுரூபத்தைத் தொட்டு வேண்டும்போது பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு: 'இந்த ஆசையை என்னிடமிருந்து எடுத்துவிடும், பதின்மூன்று செவ்வாய் வருகிறேன்' என்று பேரம் பேசுவது. அந்தோனியார் 1231 ஜூன் 13இல் இறந்து, ஒரு செவ்வாய்க்கிழமை அடக்கம் செய்யப்பட்டதால் வந்த பக்தி முயற்சி இது. நல்லதுதான். ஆனால் சோதனையே வராத வாழ்வை அது வாங்கித் தராது. ஆண்டவரே பாலைநிலத்தில் சோதிக்கப்பட்டார். 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்றுதான் செபிக்கிறோம். 1 கொரிந்தியர் 10:13இல் பவுல் சொல்வதும் தாங்கும் பலமும் தப்பும் வழியும் கிடைக்கும் என்பதே. ஆகவே கேட்கவேண்டியது அந்த வழியைக் காணும் கண்ணை.

அடுத்தது பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. இதைத் தவிர்த்துவிட்டு மாலையும் திரியுமாகத் திரும்புவது, வைத்தியசாலை வாசலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மருந்து வாங்காமல் போவதற்குச் சமம். ஆன்ம சோதனை, மனஸ்தாபம் (பாவத்துக்காக வருந்துதல்), பிரதிக்கினை (இனி செய்வதில்லை என்ற உறுதி), அறிக்கையிடல், அபராதம் தீர்த்தல் (குரு சொல்லும் பரிகாரத்தைச் செய்தல்) என்ற ஐந்தில் பெரும்பாலும் தவறுவது மூன்றாவது. 'இனிமேல் செய்யமாட்டேன்' என்று பொதுவாகச் சொல்வது பிரதிக்கினை ஆகாது. 'சம்பள நாளில் அந்த ஒழுங்கை வழியாக வீட்டுக்குப் போகமாட்டேன்', 'இரவு ஒன்பது மணிக்கு மேல் போன் என் அறையில் இருக்காது' என்பதே பிரதிக்கினை. பாவத்துக்கு ஏதுவான சமயத்தை விடாமல் பாவத்தை மட்டும் விட முயல்கிறவர் களைத்துப்போவார். அறிக்கையிடும்போது கதை வேண்டாம், மனைவியையோ மாமியாரையோ குற்றம் சொல்லவும் வேண்டாம். சாவான பாவமென்றால், அதாவது அறிந்து விரும்பிச் செய்த கனமான பாவமென்றால், என்ன பாவம், எத்தனை தடவை என்று சொன்னால் போதும். மனதில் தோன்றி, நீங்கள் விரும்பாமல் தள்ளிவிட்ட நினைவு பாவமில்லை. தூண்டல் வேறு, சம்மதம் வேறு. இதைக் குழப்பிக்கொண்டு வாழ்நாள் முழுக்க வதைபடுகிற நல்லவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது.

வன்மத்தோடு வந்தவர்கள் இங்கே கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டுப் போகலாம். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலை, குண்டு வெடித்து மக்கள் செத்த இடம் இது. ஜூன் 12இல், அந்தோனியார் திருநாளுக்கு முந்திய நாள், கோவில் மீண்டும் திறந்தது. மறு ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவில் கர்தினால் மல்கம் ரஞ்சித், தாக்கியவர்களை மன்னித்ததாகச் சொன்னார். நீதியைக் கேட்பதை அவர் விடவில்லை. மன்னிப்பும் நீதியும் ஒன்றையொன்று அழிப்பதில்லை என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று நமக்கு இல்லை.

இனித் திரும்பும் வழி. ஆபத்து இங்கேதான். பாலைநிலச் சோதனை முடிந்ததும் அலகை (சாத்தான்) 'ஏற்ற காலம் வரும் வரை' விலகிப் போனது என்று லூக்கா 4:13 சொல்கிறது. செபித்து மனம் இலேசான நேரத்தில் 'இன்றைக்கு ஒன்று பரவாயில்லை' என்ற குரல் கேட்கும். அதோடு வாதாடாதீர்கள். ஏவாள் பாம்போடு பேச்சுக்கொடுத்தாள். இயேசு மூன்று முறையும் பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூலின் ஒவ்வொரு வசனத்தால் பதில் சொல்லி முடித்தார். உங்களுக்கென்று ஒரு வசனத்தை மனப்பாடமாக வைத்திருங்கள். நீளமாக வேண்டாம், மூச்சு ஒன்றில் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

அந்தோனியார் பெயராலேயே அப்படியொரு செபம் இருக்கிறது. ஆற்றில் விழுந்து சாகத் தூண்டப்பட்ட ஒரு பெண்ணுக்கு அவர் கொடுத்ததாக மரபு: "இதோ ஆண்டவருடைய சிலுவை! பகைவரே, விலகி ஓடுங்கள்! யூதா குலத்துச் சிங்கம், தாவீதின் குலக்கொழுந்து வெற்றி பெற்றார். அல்லேலூயா!" பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வந்த ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் 1586இல் உரோமைப் புனித பேதுரு சதுக்கத்தில் நிறுத்திய கல்தூணின் அடியில் இந்த வார்த்தைகளைப் பொறித்துவைத்தார். ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள், பிறகு அந்த இடத்தைவிட்டு எழுந்து போங்கள். செபித்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்திருந்தால் செபமும் தோற்கும். சாகத் தூண்டும் நினைவு வந்தால் தனியே இருக்கவும் வேண்டாம். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லி, வைத்தியரிடம் போங்கள். குடியும் வருடக்கணக்கில் பிடித்திருந்தால் செபத்தோடு வைத்தியமும் தேவை.

புதன்கிழமை விழுந்துவிட்டால் 'செவ்வாய் வரட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த ஆறு நாளும் 'எப்படியும் கெட்டாயிற்று' என்று இன்னும் விழவைக்கும் நாள்கள். அன்றே உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்லிவிட்டு, கொட்டாஞ்சேனை லூசியா பேராலயமோ உங்கள் பங்குக் கோவிலோ, எது கிட்டவோ அங்கே ஒரு குருவைக் கேளுங்கள். பதின்மூன்று செவ்வாயின் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கவும் வேண்டாம். ஐந்தாவது செவ்வாய்க்குப் பின் விழுந்தவருக்கு அடுத்தது ஆறாவதுதான்.